கச்சேரிக்கு அல்ல, சுற்றிப் பார்க்க!

"எங்கே போகிறீர்கள்?" என்று பஸ் தரிப்பிடத்தில் யாராவது கேட்டால் நம்மிடம் பதில் தயாராக இருக்கும். ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, வங்கிக்கு, பிள்ளையின் பாடசாலைக்கு, கோயிலில் நேர்த்தி வைக்க. காரணம் இல்லாமல் நாம் பஸ் ஏறுவதில்லை. அதிலும் கணவனை இழந்த பெண்களும் கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களும் காரணம் சொல்லாமல் படலையைத் தாண்டுவதே சிரமம். "சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று ஒரு பெண் சொல்வது எவ்வளவு கடினமான காரியம் என்பதை, அண்மையில் என் தோழி ஒருவருடன் திருகோணமலையில் கழித்த ஒரு நாள் எனக்குக் கற்றுத் தந்தது.

அந்த நாளைப் பற்றி எழுதட்டுமா என்று தோழியிடம் கேட்டேன். "எழுது புள்ள, பேரை மட்டும் போடாத" என்றார். ஆகவே இங்கு அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய அவரை நான் அழைப்பதும் அப்படித்தான்.

படிவத்தில் தொடங்கிய பழக்கம்

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிது. 2014ஆம் ஆண்டு மூதூர்ப் பகுதியில் ஓர் இடைத்தங்கல் முகாமில் விபரம் சேகரிக்கச் சென்றபோதுதான் அக்காவை முதன்முதலில் கண்டேன். தகரக் கொட்டிலின் வாசலில் இருந்து என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அப்போது என்னை "மிஸ்" என்றுதான் அழைத்தார்.

மூதூர் கிழக்கில் கடலோரக் கிராமம் அவருடையது. 2003ஆம் ஆண்டு, சமாதான காலத்தில் திருமணம் நடந்தது. கணவர் கடற்றொழிலாளி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது தோணியும் வலையும் போயின. உயிர்கள் தப்பின. மறுவருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2006இல் மீண்டும் போர் மூண்டபோது, கைக்குழந்தையுடன் வாகரைப் பக்கமாக நடந்தார்கள். பாதி வழியில் கணவர், "மாடுகள் கட்டினபடி நிக்குது. அவிட்டு விட்டுட்டு வாறன்" என்று திரும்பிப் போனார். அவர் வரவேயில்லை. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்ப் பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே அக்கா மகளோடும் மாமியோடும் ஊருக்குத் திரும்பினார். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது.

அன்று நான் கொண்டுபோன படிவத்தில் இழப்புக்கு ஒரு நிரல், கடனுக்கு ஒரு நிரல், வாழ்வாதாரத்துக்கு ஒரு நிரல் இருந்தன. "உங்களுக்கு எது விருப்பம்?" என்று கேட்பதற்கு நிரல் எதுவும் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவும் வேலையாக அல்ல, ஒருநாள் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கேட்டேன்.

அக்கா சிரித்தார். "கலியாணம் முடிச்ச புதுசுல அவர் கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் கூட்டிப் போறன் எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு எவ்வளவோ தரம் திருகோணமலைக்குப் போயிட்டன். எனக்குத் தெரிஞ்ச இடமெல்லாம் கதிரையில காத்துக்கொண்டு இருக்கிற இடம்தான்" என்றார்.

அன்றைக்கே ஒரு பால்மா ரின்னை எடுத்து மூடியில் துளை போட்டோம். வாரம் நூறு ரூபாய் அவர் போடுவது, நூறு ரூபாய் நான் போடுவது என்று பேச்சு. இடையில் மகளின் படிப்புச் செலவுக்காக இரண்டு தடவை அந்த ரின் திறக்கப்பட்டது. மூன்றாவது தடவை நிரம்பியபோது நாள் குறித்தோம்.

பாலத்தைத் தாண்டி

காலையில் மூதூரில் பஸ் ஏறினோம். அக்கா இளநீலச் சேலை கட்டி, பொட்டு வைத்திருந்தார். பையில் மாற்றுடுப்பும் வாழையிலையில் சுற்றிய பிட்டும் சம்பலும் இருந்தன. எங்களுக்கு முன் ஆசனத்தில் அவருடைய ஊர்ப் பெண்மணி ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன புள்ள, கச்சேரிக்கா?"

"ஓம் மாமி, கச்சேரிக்குத்தான்" என்றார் அக்கா.

பிறகு என் காதருகே, "பொய் சொல்லிட்டன். உண்மையைச் சொல்ல வாய் வரல்ல" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. வேலைக்குப் போகும் நானே வீட்டில், "அக்காவுக்கு ஒரு அலுவல், கூடப் போகிறேன்" என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மூதூரில் இருந்து திருகோணமலைக்கு முன்பு லாஞ்சியில் குடாவைக் கடக்க வேண்டும். தரை வழியாகப் போவதானால் ஆறுகளைப் பாதைகளில் ஏறிக் கடக்க வேண்டும். வாகனங்களையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் அந்த மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமான பாலம் அது. 2011இல் ஏனைய ஆறுகளின் மேலும் பாலங்கள் வந்தன. இன்று இறங்கி ஏறாமல் ஒரே பஸ்ஸில் போய்விடலாம். பிள்ளை வயிற்றில் இருந்தபோது லாஞ்சியில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போனதை, கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஓடும்போது அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். காற்றுக்குத் தன்னுடைய சேலைத் தலைப்பால் அவரே மறைப்புக் கட்டிப் பிடித்தார் என்றார். கணவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

யாருடைய பெயருக்கு?

நகரத்தில் இறங்கிப் பிரெட்றிக் கோட்டைவரை நடந்தோம். கோட்டை வாசலுக்குள்ளே படைமுகாம் இருக்கிறது. அதன் நடுவே போகும் வீதியால்தான் கோணேசர் கோயிலுக்கு ஏற வேண்டும். சீருடையைக் கண்டதும் அக்காவின் நடை மெதுவாகியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வழியில் மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. ஒன்று எழுந்து வந்து அவருடைய பையை முகர்ந்து பார்த்தது. "பிட்டு மணம் பிடிச்சிட்டுது" என்று அவர் சொன்னபோது பிடித்த கை விடுபட்டது. மான்களுக்கு நாம் கண்டதையும் கொடுக்கக்கூடாது. பொலித்தீனைத் தின்று அவை சாவதும் உண்டு. பிட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு மேலே ஏறினோம்.

திருக்கோணேஸ்வரம் இலங்கையின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். பெருமளவு கற்கள் கடலுக்குள் போயின. 1956ஆம் ஆண்டு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். இப்போதுள்ள கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. இவற்றை நான் சொல்லிக்கொண்டு வர, "அப்ப எத்தனை வருசம் கடலுக்குள்ள கிடந்தது?" என்று அக்கா கேட்டார். முந்நூறு வருடத்துக்கு மேல் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அர்ச்சனைத் தட்டுடன் உள்ளே போனோம். குருக்கள் வந்து, "யாருடைய பெயருக்கு?" என்றார்.

இது சாதாரணமான கேள்வி. ஆனால் காணாமற்போனவரின் மனைவிக்கு அது சாதாரணமானதல்ல. உயிரோடு இருப்பவருக்குத்தான் அர்ச்சனை. இறந்தவருக்குச் செய்யும் கிரியைகள் வேறு. அக்கா தயங்கவில்லை. கணவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பிறகு மகளின் பெயர். பிறகு மாமியின் பெயர். குருக்கள் திரும்பப் போனபோது, "ஐயா, இன்னுமொண்டு" என்று கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டபோது அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

வெளியில் வந்து, "கடைசியா எப்ப என்ட பேருக்கு அர்ச்சனை செய்தனான் எண்டு ஞாபகமே இல்ல" என்றார்.

கோயிலுக்கு அப்பால் மலை விளிம்பில், பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டிய மரம் இருக்கிறது. பக்கத்தில் மலை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டு. நோயுற்ற தாய் வணங்குவதற்காக இராவணன் இந்த மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்பது கதை. தெற்குப் பக்கமாக நின்றால் கொட்டியாரக் குடா தெரியும். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கடலோடு சேர்வது அந்தக் குடாவில்தான். அதற்கும் அப்பால் கோடு போட்டதுபோல் மூதூர்க் கரை.

"அங்க பார், எங்கட பக்கம்" என்றார் அக்கா. "அங்கயிருந்து இந்த மலையை ஒவ்வொரு நாளும் பார்ப்பன். இஞ்சயிருந்து அங்க பார்க்கலாம் எண்டு நினைச்சுப் பார்க்கல்ல."

வெகுநேரம் அங்கேயே நின்றோம். பிட்டும் சம்பலும் அந்த மலைக்காற்றில் நன்றாக இருந்தன.

குளிக்கத்தான் வந்தோம்

மத்தியானம் நகரத்தில் சைவக்கடை ஒன்றுக்குள் போய் மேசையில் இருந்தோம். கடைக்குள் இருந்து சாப்பிட்டதே இல்லை என்றார் அக்கா. அலுவலாக வரும் நாட்களில் வெளியே நின்று ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போய்விடுவாராம். தனியாக ஒரு பெண் இருந்து சாப்பிட்டால் பார்ப்பார்கள் என்ற எண்ணம். தோசையும் வடையும் சாப்பிட்டோம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் பசி.

அங்கிருந்து ஓட்டோ பிடித்து கன்னியாவுக்குப் போனோம். நகரத்தில் இருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆழம் அதிகமில்லாத சதுரக் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. ஒன்றில் இளஞ்சூடு, இன்னொன்றில் முதல் வாளியை ஊற்றும்போது உடம்பு திடுக்கிடும். நிலத்துக்கு அடியில் ஆழத்தில் சூடேறிய நீர் பாறை வெடிப்புகள் வழியாக மேலே வருவதனால் உண்டாகும் ஊற்றுக்கள் இவை. மலையைப் பெயர்த்த மகன் இறந்துவிட்டான் என்று கேட்டு இராவணனின் தாய் உயிர்விட்டாள் என்றும், அவளுக்குரிய கிரியைகளைச் செய்வதற்காகவே இந்தக் கிணறுகள் உண்டாகின என்றும் கதை சொல்வார்கள். இதனால்தான் எங்கள் மக்கள் 31ஆம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்கு வருவது வழக்கமாகியது.

அன்றும் ஒரு குடும்பம் வந்திருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய வயதான அம்மா ஒருவர் எங்களிடம், "நீங்க ஆருக்குச் செய்ய வந்தீங்க?" என்று கேட்டார்.

எனக்கு நெஞ்சு பதறியது. கணவருக்கு அந்தியேட்டி செய்யவில்லை என்று அக்காவை ஊரில் சிலர் குறை சொல்வது எனக்குத் தெரியும். அதே நேரத்தில் அவர் பொட்டு வைப்பதையும் குறை சொல்கிறவர்கள் உண்டு. இருக்கிறார் என்று சொன்னாலும் குற்றம், இல்லை என்று சொன்னாலும் குற்றம்.

அக்கா அமைதியாக, "ஒருத்தருக்கும் இல்ல அம்மா. குளிக்கத்தான் வந்தம்" என்றார்.

அந்த அம்மா தலையை ஆட்டி, "நல்லாக் குளிங்க. அந்தக் கரைக் கிணறு உடம்புக்கு நல்ல சுகம்" என்று காட்டிவிட்டுப் போனார்.

அக்கா சோட்டியோடு நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். முகத்தில் ஓடியதில் கிணற்றுநீர் எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடைசிக் கிணற்றில் அவர் என் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்தபோது இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

முடிவு தெரியாத இழப்பு

இந்த இடத்தில் நான் படித்த ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களைப் பற்றி ஆராய்ந்தார். உடல் கிடைக்காமல், செய்தியும் கிடைக்காமல் போகும் இழப்புக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'தெளிவற்ற இழப்பு' என்று சொல்லலாம். மரணம் நடந்தால் சடங்கு உண்டு, நாட்கணக்கு உண்டு, ஊர் வந்து துக்கம் விசாரிக்கும். காணாமற்போனால் இவை எதுவுமில்லை. துக்கம் முடியாமல் நீள்வது அந்தப் பெண்ணின் மனப்பலவீனம் அல்ல, அவள் நிற்கும் நிலைமை அப்படிப்பட்டது என்பதே அவர் எடுத்துச் சொன்ன முக்கியமான கருத்து. அவர் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கையை நடத்தலாம் என்றும் அவர் சொல்கிறார்.

2016ஆம் ஆண்டு நமது நாட்டில் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழி செய்தது. அக்கா அதைத்தான் எடுத்தார். "செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன். ஆனா காணி அலுவல் நடக்க வேணும்" என்பது அவருடைய நியாயம். கோயிலில் கணவரின் பெயருக்கு அர்ச்சனை செய்த அதே நாளில் தனக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று அவர் நினைத்ததை நான் அந்த நியாயத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். அவரை மறந்துவிட்டா இவர் சிரித்தார்? இல்லை. அன்று முழுவதும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சிரிப்பதற்கு நம்மில் பலர் பயப்படுகிறோம். சிரித்தால் போனவரை மறந்துவிட்டோம் என்று ஊர் சொல்லும், நமது மனமே சொல்லும். ஊரின் சொல்லுக்கு ஆண்களுக்கு ஒரு கணக்கும் பெண்களுக்கு வேறு கணக்கும் இருப்பதை நாம் காண்கிறோம். மனைவியை இழந்த ஆண் சந்தியில் நின்று நண்பர்களுடன் கதைத்தால், பாவம், மனம் ஆறட்டும் என்கிறார்கள். கணவனை இழந்த பெண் கடற்கரையில் இருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்கிறார்கள். ஆறுதல் தேவைப்படுவது இருவருக்கும்தானே.

திரும்பும் பஸ்ஸில்

மாலையில் நகரக் கடற்கரையில் மணலில் இருந்து கச்சான் சாப்பிட்டோம். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வரை போய் நின்றார். ஓர் அலை வந்து சேலைக் கரையை நனைத்ததும் பின்னால் ஓடி வந்தார். சுனாமிக்குப் பிறகு கடலின் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்கும் என்று முன்பு சொன்னவர் அவர். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "போகல்ல. ஆனா இண்டைக்கு நான் அதுக்கிட்ட வந்தன்" என்றார்.

மகளுக்கு ஒரு சோடித் தோடும் மாமிக்குக் கொஞ்சம் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பார்த்தால் காலையில் வந்த அதே பெண்மணி, மருந்துப் பையுடன்.

"கச்சேரி அலுவல் முடிஞ்சுதா புள்ள?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நேராகச் சொன்னார். "கச்சேரிக்குப் போகல்ல மாமி. கோயிலுக்கும் கன்னியாவுக்கும் போய்ச் சுத்திப் பார்த்திட்டு வாறம்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவரும் மகனைப் பறிகொடுத்தவர் என்று பிறகு அறிந்தேன். பஸ் சீனன்குடாவைத் தாண்டிய பிறகு மெதுவாகத் திரும்பி, "கன்னியாவில தண்ணி இன்னும் அப்பிடியே சூடா? நான் குமரியா இருக்கேக்க போனது" என்றார். மூதூர் வந்து சேரும்வரை இருவரும் அதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

அன்பான சகோதரிகளே, ஒரு நாள் சுற்றுலாவினால் வீட்டுத்திட்டம் கிடைக்காது, கடன் தீராது, காணாமற்போனவர் பற்றிய பதிலும் வராது. அந்தக் கேள்விகளை நாம் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு நமக்குத் தெம்பு வேண்டும். பிள்ளைகளுக்காகவும் போனவர்களுக்காகவும் உழைத்துக் களைத்த உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது தவறில்லை. பெரிய தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க் குளக்கட்டாக இருக்கலாம், கடற்கரையாக இருக்கலாம். நம்பிக்கையான ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் மாதர் சங்கத்தில் சீட்டுக் கட்டுவதுபோல் இதற்கும் ஒரு சிறுதொகை சேர்க்கலாம்.

என்னைப் போன்ற பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது படிவங்களில் இன்னும் ஒரு நிரல் சேர்ப்போம். "உங்களுக்கு எது விருப்பம்?" என்று கேட்போம்.

அக்காவின் வீட்டில் அந்தப் பால்மா ரின் இப்போதும் இருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். இம்முறை அதில் மூன்று பேருடைய காசு இருக்கிறது. மூன்றாவது ஆள் அந்தப் பஸ்ஸில் வந்த மாமி.